கீழ்வீட்டுக்காரியின் குரல்

பிப்ரவரி 24, திங்கள்

இந்த டைரி தெருமுனை உரக்கடைக்காரர் கொடுத்தது. நிகழ்ச்சித் தேதிகள் எழுதத்தான் வருடாவருடம் வாங்குவேன். இந்த வருடம் எழுத ஒன்றுமில்லாமல் இரண்டு மாதம் வெள்ளையாகவே போய்விட்டது. இன்றைக்கு ஒன்று வந்திருக்கிறது.

காலையில் குணாளன் அண்ணன் போன் செய்தார். அவருடைய மெல்லிசைக் குழுவில் நான் இருபத்திரண்டு வருடமாகப் பாடுகிறேன். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனி. அதன் டைரக்டர் மொரிவாகி என்பவர் ஆறு வருடம் இங்கே இருந்துவிட்டு மார்ச் கடைசியில் ஊர் திரும்புகிறார். மார்ச் 22 சனிக்கிழமை சாயங்காலம் வழியனுப்பு விழா. இரண்டு மணி நேரம் நம்ம சினிமாப் பாட்டு, நடுவில் ஒரே ஒரு ஜப்பான் பாட்டு. அவர் மனைவிக்கு ரொம்பப் பிடித்த பாட்டாம், இரண்டு பேருக்கும் முன்கூட்டித் தெரியாமல் பாட வேண்டுமாம். இரண்டு பெண்கள் சேர்ந்து பாடுவது.

"நீயும் ஜெபமலரும்னு சொல்லிட்டேன். பாடுவியா அம்சா? தொண்டை எப்படி இருக்கு?"

"நாலு மாசம் ஓய்வெடுத்த தொண்டைண்ணே. புதுசு மாதிரி இருக்கு."

"நல்லது. ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், மனசுல வெச்சுக்காத. சித்திரையில கல்யாண சீசன் ஆரம்பிக்குது. இதுல நின்னு பாடிட்டேன்னா உன் இடம் உனக்குத்தான். முடியலைன்னா நான் வேற பொண்ணு பார்த்துத்தான் ஆகணும்."

மனதில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பதாம்? 'காஞ்சி அம்சவேணி' என்று என் பெயரைப் போட்டுத்தான் அந்தக் குழுவுக்கு போஸ்டரே அடித்தார்கள். பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சாதகம் செய்தேன். லேசாகக் கரகரப்பு. மாசிப் பனி.

பிப்ரவரி 27, வியாழன்

கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் சுபாஷினி பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஐம்பது வருடத்துக்கு முந்திய வீடியோ. ஹனாஎ, தொகிகோ என்று இரண்டு பெண்கள், ஒரே மாதிரி மஞ்சள் கவுன், நடுவில் ஒரே மைக். ஆடவில்லை, கை காட்டவில்லை, நேராக நின்று பாடுகிறார்கள். எனக்கு முதலில் சப்பென்றிருந்தது.

அர்த்தம் கேட்டு சுபாஷினிக்கு போன் போட்டேன். துறைமுக ஊரில் ஒரு மாடி வீடு. மேல்வீட்டுக்காரியும் கீழ்வீட்டுக்காரியும் பால்கனியில் துணி காயப்போடும்போது பேசிக்கொள்வார்கள். மேல்வீட்டுக்காரி மறுநாள் கப்பலேறி ஊரைவிட்டே போகப் போகிறாள். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனால் பாட்டு முழுக்கத் துணியைப் பற்றித்தான் பேச்சு. மழை வரும்போல இருக்கு, துணியை எடு. அவ்வளவுதான் பல்லவி.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான் மேடம். இதைக் கேட்டா எங்க ஆபீஸ்ல ஜப்பான்காரங்க எல்லாருக்கும் கண்ணு கலங்கிடும்."

இரண்டாம் தடவை கேட்டேன். துவரம்பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 1, சனி

அரிசி மண்டி மாடியில் முதல் ஒத்திகை. சுபாஷினியும் வந்திருந்தாள்.

ஜெபமலருக்கு இருபத்தாறு வயது. சர்ச் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடுகிறவள். நான் இல்லாத நான்கு மாதமும் என் பாட்டுகளை அவள்தான் பாடியிருக்கிறாள். நன்றாகவே பாடினாளாம், எல்லோரும் என்னிடம் வந்து சொல்லிவிட்டார்கள்.

பாட்டில் இரண்டு குரல். மெட்டை எடுத்துப் போகிறது மேல் குரல். கீழ்க் குரல் அதே வார்த்தைகளை அதே நேரத்தில் வேறு சுரத்தில் பாடிக்கொண்டு கூடவே வரும். அதற்கு ஜப்பானில் ஹமோரி என்று பெயராம். யார் எது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குழுவில் மெட்டு சீனியருக்குத்தான். நான் மேல், அவள் கீழ்.

இந்தப் பாட்டில் சரணம் முதலில், பல்லவி பிறகுதான். சரணம் வரை ராஜபாட்டை. பல்லவி மேலே ஏறுகிற இடத்தில் தொண்டையில் காற்று மட்டும் வந்தது. கீபோர்டில் கை வைத்தபடியே குணாளன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கீழே மண்டியில் மூட்டை பிரிக்கிறார்கள், ஒரே தூசி என்றேன். தூசி இருந்தது உண்மை.

இன்னொரு மூக்குடைப்பும் உண்டு. ஒவ்வொரு வரிக் கடைசியிலும் எனக்குத் தெரியாமலே ஒரு சங்கதி போட்டிருக்கிறேன். சுபாஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடம், ரொம்ப அழகா இருக்கு. ஆனா அவங்க துணிதான் காயப்போடறாங்க. நீங்க பாடினா கல்யாணத்துக்குக் கிளம்பற மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேராகப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று இவர்களுக்கு என்ன தெரியும்.

மார்ச் 3, திங்கள்

விடுவதாக இல்லை. காலையிலிருந்து ஜப்பான் இரட்டையர் பாட்டாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுபாஷினி இன்னும் ஏழெட்டு அனுப்பினாள். கிட்டார் வைத்துக்கொண்டு ரயில் நிலைய வாசலில் பாடுகிற இரண்டு பையன்கள், ஒருவன் குரல் சொரசொரப்பு, ஒருவன் குரல் வழுவழுப்பு. அக்கா தங்கை இரண்டு பேர், யார் எப்போது மூச்சு விடுகிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கை காலையெல்லாம் ஒன்றுபோல ஆட்டி ஓட்டப்பந்தயம் மாதிரி பாடுகிற இரண்டு குட்டிகள். அதை என் வீட்டுக்காரர் பூபாலன் ரசித்துப் பார்த்தார். டவுன் பஸ் கண்டக்டர், இரைச்சல் அவருக்குப் பழக்கம்.

நம்ம ஊர் டூயட் என்றால் ஒருவர் கேட்பார், ஒருவர் பதில் சொல்வார். இவர்கள் ஒரே சமயத்தில் ஒரே வார்த்தையை இரண்டு பேரும் சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு இரண்டு பேர் என்று யோசித்தேன். ஒரு காதை மூடிக்கொண்டு மேல் குரலை மட்டும் கேட்க முயற்சி செய்தேன். முடியவில்லை, அப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 5, புதன்

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் தொண்டைக்கு மறுபரிசோதனை. போகவில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும்.

பூபாலன் ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னார்?"

"நல்லா இருக்குன்னார்."

"என் பஸ்ல நீ ஏறவே இல்லையே வேணி."

மிளகு ரசம் அவர்தான் வைத்திருந்தார். இன்னொரு டம்ளர் ஊற்றி வைத்தார். எனக்கு அழுகை வந்தது, ரசம் காரம்.

மார்ச் 8, சனி

ஒத்திகை. சுருதியை இரண்டு கட்டை இறக்கச் சொன்னேன். குணாளன் அண்ணன் இறக்கினார். எனக்குச் சமாளிக்க முடிந்தது. ஆனால் கீழ்க் குரல் பாதாளத்துக்குப் போய், ஜெபமலர் முனகுகிற மாதிரி ஆகிவிட்டது. அதோடு கடைசிப் பல்லவியில் பாட்டே அரைச் சுரம் மேலே தாவுகிறது. இந்த ஜப்பான்காரர்களுக்கு இருந்த இடத்தில் இருந்து முடிக்கத் தெரியாதா? அந்தத் தாவலில் மறுபடி காற்று.

பழைய கட்டையிலேயே பாட வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். டீ குடிக்கப் போனபோது ஜெபமலர் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, மாத்திக்கலாமா? நான் மேல பாடறேன். உங்க கீழ் சுரம் எவ்ளோ அழகு தெரியுமா, எனக்கு அந்த கனம் வராது."

"சர்ச்சுல பின்வரிசையில நின்னு பாடறவ எனக்கு இடம் காட்டறியா? நாலு மாசம் என் மைக்கைப் பிடிச்சுட்டா அது உன்னோடதா ஆயிடுமா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

வார்த்தை அதிகம்தான். சிலிண்டர் புக் செய்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பூபாலன் டூட்டிக்குப் போனதும் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு அந்த ஒரே வரியை முழுக் குரலில் பாடினேன். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை பக்கத்து வீட்டு சகுந்தலா சுவரைத் தட்டினார்.

"அம்சா! விழுந்துட்டியாம்மா? அடி பட்டுச்சா?"

இல்லை, பாத்திரம் விழுந்தது என்றேன்.

அப்புறம் ரொம்ப நேரம் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. பாடினால் விழுந்த சத்தமா கேட்கிறது?

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரி போனேன், அவர் பஸ்ஸிலேயே. டிக்கெட் கொடுக்கும்போது என் கையை ஒரு நொடி பிடித்துக்கொண்டார். பின் சீட்டில் இருந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள். அவர்தான் என் வீட்டுக்காரர் என்று அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

டாக்டரம்மா மூக்கு வழியே குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார். நவம்பரில் தைராய்டுக் கட்டியை எடுத்தபோதே, குரலை மேலே இழுக்கிற நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்தது என்று சொன்னவர்தான். யார்மேலும் தப்பில்லை. இன்றைக்கும் பொறுமையாகப் பேசினார். பேச்சு நன்றாக இருக்கிறது, நடு ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் பழையபடி வந்துவிட்டன, மேலே மட்டும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்.

'பார்க்கலாம்' என்றால் வந்துவிடும் என்றுதானே அர்த்தம்.

வருகிற வழியில் தக்காளி வாங்கினேன். பாதி அழுகல்.

மார்ச் 14, வெள்ளி

ஜெபமலர் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். மன்னிப்பு கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது வேறு.

"உனக்கும் மேல் குரல்ல ஒரு பழக்கம் வேணுமில்ல. இந்த ஒரு பாட்டுல நீ மேல பாடு. நான் விட்டுத் தரேன்."

அவள் என்னையே பார்த்தாள். என் கழுத்துத் தழும்பில் ஒரு கணம் அவள் கண் நின்றது. பிறகு "ரொம்ப தேங்க்ஸ்க்கா, எனக்கு ஆசையா இருந்துச்சு" என்றாள். அவள் பெரிய மனசுக்காரி. அன்றைக்கு அப்படிப் பேசினது தப்பு என்று அப்போதுதான் சொன்னேன், செருப்பு மாட்டிக்கொண்டே.

மார்ச் 15, சனி

கீழ்க் குரல்தானே, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். தலைகீழாகிவிட்டது.

தனியாகப் பாடினால் சரியாக வருகிறது. ஜெபமலர் மெட்டை ஆரம்பித்ததும் மூன்றாவது வார்த்தையில் நானும் மெட்டில் போய் நிற்கிறேன். பத்துத் தடவை பாடினோம். பத்துத் தடவையும் அப்படியே. எனக்கு ஐந்து வயதில் பாட்டு வாத்தியார் சொன்ன முதல் பாடமே, பக்கத்தில் பாடுகிறவரோடு சேர் என்பதுதான். சேர்ந்து பாடுவது என்றால் ஒரே சுரத்தில் நிற்பது. இரண்டு பேர் பாடுவது ஒருவர் பாடுவது மாதிரி கேட்க வேண்டும். நாற்பத்திரண்டு வருடம் அதைத்தான் செய்திருக்கிறேன். மேல் பாட்டைக் கேட்ட உடனே இந்தத் தொண்டை நாய்க்குட்டி மாதிரி அதன் பின்னால் ஓடுகிறது.

"அக்கா, என்னைக் கேளுங்க. ஆனா கேட்டுட்டு என் பின்னாலயே வந்துடாதீங்க" என்றாள் ஜெபமலர்.

"இது என்னடி புது வித்தையா இருக்கு?"

"சர்ச்சுல எங்களுக்கு இதான் முதல் பாடம்."

குணாளன் அண்ணன் நாங்கள் இடம் மாறியதைப் பார்த்து, "என்ன, சீனியர் கீழயா?" என்றார். பாட்டுக்கு இதுதான் பொருத்தம் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. ஒரே வாரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

போனில் ஜெபமலர் பாடியதைப் பதிந்து வைத்திருக்கிறேன். அதை சத்தமாக வைத்துவிட்டு மாவு அரைக்கும்போது கீழ்க் குரல், துணி துவைக்கும்போது கீழ்க் குரல். நிஜமாகவே துணி காயப்போட்டுக்கொண்டு பாடினேன். சகுந்தலா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பாஷைம்மா இது?" என்றார். நாற்பது தடவையில் ஆறு தடவை ஓடாமல் நின்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

எழுபதில் முப்பத்தொன்று.

பூபாலன், போன் இல்லாமல் நான் தனியாகப் பாடியதைக் கேட்டார். "இது பாட்டா? பாதியை யாரோ எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கே."

"மீதியை ஜெபமலர் வெச்சிருக்கா."

"அப்போ அவ வரலைன்னா?"

எனக்கும் அந்தக் கவலை உண்டு.

மார்ச் 20, வியாழன்

இன்று ஓடவில்லை. ஒரு தடவைகூட.

ஒத்திகையில் பல்லவி வந்தபோது, அவள் குரல் ஒரு பக்கம், என் குரல் ஒரு பக்கம், நடுவில் மூன்றாவதாக ஏதோ ஒன்று கேட்டது. யாரும் பாடாத ஒரு சத்தம். கைமயிர் சிலிர்த்தது. இதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும் போலிருக்கிறது. என் இத்தனை வருடத்தில் மெட்டு பாடும்போது இது எனக்குக் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வரும்போது அரை கிலோ ஜாங்கிரி வாங்கினேன்.

மார்ச் 22, சனி

மூன்று மணிக்கு வேன். மாம்பழக் கலர் பட்டு. கழுத்துத் தழும்பை மறைக்க முத்துமாலை எடுத்தேன், உறுத்தியது, வைத்துவிட்டேன். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

கம்பெனி மைதானத்தில் பந்தல். முன் இரண்டு வரிசை ஜப்பான்காரர்கள் குடும்பத்தோடு, பின்னால் நம்ம ஆட்கள் ஐந்நூறு பேர். சினிமாப் பாட்டில் மேலே ஏறாததாகப் பார்த்து நான் எடுத்துக்கொண்டதால் அதுவரை தட்டில்லாமல் போனது. ஐந்தரை மணிக்கு சுபாஷினி மேடையேறி ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னாள். மொரிவாகி என்ன நடக்கப்போகிறதென்று புரியாமல் மனைவியைப் பார்த்தார். ஒல்லியான அம்மா, சாம்பல் நிறப் பருத்திப் புடவை, யாரோ நன்றாகக் கட்டிவிட்டிருந்தார்கள். முதல் இசை வந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

சரணம் இரண்டும் போயிற்று. கடைசிப் பல்லவி, அந்த அரைச் சுரத் தாவல். நான் கீழே பிடித்தேன். மேலே ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் ஜெபமலரின் வாய் பாடிக்கொண்டிருக்கிறது, மைக் செத்துவிட்டது.

எங்கள் குழுவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் விட்டால் அடுத்தவர் அந்த நொடியே மெட்டை எடுத்துவிட வேண்டும். கூட்டத்துக்குத் தெரியவே கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேர் விட்டதை நான் எடுத்திருப்பேன்! குணாளன் அண்ணன் புருவத்தைத் தூக்கி, எடு எடு என்கிறார். என் தொண்டையும் எழும்பிவிட்டது. எடுத்திருந்தால் ஐந்நூறு பேர் முன்னால் சகுந்தலா கேட்ட அந்தச் சத்தம்தான் வந்திருக்கும். ஆனால் அதற்காக மட்டும் நான் நிற்கவில்லை. ஒரு வாரமாகத் தலைகீழாக நின்று கற்றுக்கொண்டது ஓடாமல் நிற்பதற்கு. நின்றேன். பாதிப் பாட்டு, பந்தல் முழுக்க அந்தப் பாதி மட்டும். ஒரு வரி அப்படியே போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான வரி பாடியதில்லை.

இரண்டாவது வரியில் முன்வரிசையில் மெல்லிசாக ஒரு குரல். அந்த அம்மா, உட்கார்ந்தபடி, மெட்டைப் பாடுகிறார். பக்கத்தில் இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குள் ஜெபமலர் செத்த மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

என் மைக் முன்னால் நான் யாரையும் விட்டதில்லை. குழுவில் எல்லோருக்கும் தெரியும். அரை அடி நகர்ந்து நின்றேன். அவள் கன்னம் என் கன்னத்தில் பட்டது, வேர்த்திருந்தது. மீதிப் பல்லவியை ஒரே மைக்கில் பாடி முடித்தோம். மேலே அவள், கீழே நான். நான் எங்கேயும் போகவில்லை.

இறங்கியதும் அந்த அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகப் பேசினார். சுபாஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "சின்ன வயசுல இருந்து இந்தப் பாட்டைக் கேக்கறாங்களாம். எப்பவும் மேல்வீட்டுக்காரி பாடறதுதான் காதுல விழுமாம். கீழ்வீட்டுக்காரி என்ன பாடறாங்கன்னு இன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டாங்களாம்."

நான் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். புடவை மடிப்பு கலைந்திருக்கும்.

இன்று காலை பத்து மணிக்கு மண்டி மாடிக்குப் போனேன். குணாளன் அண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அசத்திட்ட அம்சா. சித்திரை அஞ்சாம் தேதி உத்திரமேரூர்ல ரிசப்ஷன். உன் பழைய பாட்டெல்லாம் லிஸ்ட்ல போட்டிருக்கேன், ஏத்தமான பாட்டா."

"அண்ணே, எனக்கு மேல வராது."

அவர் ஒயரை வைத்தார்.

"இன்னைக்கு வராதா?"

"இனிமே வராது. நரம்பு போச்சு. டாக்டரம்மா ஆறு மாசம் பாக்கலாம்னாங்க, அவங்க முகத்தைப் பார்த்தேன், எனக்குத் தெரியும். நவம்பர்லயே தெரியும். உங்ககிட்ட பொய் சொன்னேன். மெட்டு ஜெபமலர் பாடட்டும். கீழ்க் குரல் நான் பாடறேன். போஸ்டர்ல அவ பேரை முதல்ல போடுங்க."

கீழே மண்டியில் எடை போடுகிற சத்தம் கேட்டது. அவர் தலையைச் சொறிந்தார்.

"கல்யாண வீட்டுல எவன்மா கீழ்க் குரல் கேப்பான்? சாப்பாட்டு இலையைப் பாப்பானா, ரெண்டாவது குரலைக் கேப்பானா?"

"கேக்க வைப்போம்ணே."

அவர் சட்டைப் பையில் வைத்திருந்த லிஸ்டை வாங்கி, முதல் பாட்டிலிருந்து ஒவ்வொன்றாக, எங்கே இரண்டாவது குரல் நுழையும் என்று பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். மூன்றாவது பாட்டு வரும்போது அவர் கீபோர்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த இடத்துல என்ன சுரம் பிடிப்ப, பாடிக் காட்டு" என்றார்.